15 நிமிடத்தில் எழுதிய பெயர்

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். தங்கைக்கு 23 வயது. போன மாதம் வீட்டில் ஒரு சண்டைக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். உடம்பு தேறியதும் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் 15 நிமிடம் பேசினார், சீட்டில் 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்' என்று எழுதினார், மூன்று மாத்திரை கொடுத்தார். இது நோயா, அவள் குணமா? குணம் என்றால் மாத்திரை எதற்கு? நோய் என்றால் ஆயுசுக்கும் கூடவே வருமா? வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், சொல்ல வேண்டுமா? இப்படி நான்கு கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருத்தியின் குணத்துக்கே நோய்ப்பெயர் வைக்க முடியுமா, வைத்தால் அந்தப் பெயரை எவ்வளவு தூரம் நம்புவது?

நான் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட். முதல் எட்டு வருடம் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பிறகு சொந்தமாக ஒரு சின்ன அறையில் என்று மொத்தம் 22 வருடம் இந்த வேலை. மாத்திரை எழுதும் உரிமை எனக்கில்லை. உங்கள் தங்கையை நான் பார்த்ததும் இல்லை. அதனால் அவளுக்கு இருக்கிறதா இல்லையா என்று இங்கே யார் சொன்னாலும், நான் சொன்னாலும் சேர்த்து, நம்பாதீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எப்படி வைக்கப்படுகிறது, எந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

'ஆளுமைக் கோளாறு' என்று தமிழில் எழுதியதுமே பாதிப் பேச்சு கெட்டுவிடுகிறது. நம் காதில் அது 'குணம் சரியில்லை' என்று விழுகிறது. வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்கும் கேள்வியும் அதுதான்: 'டாக்டரே பிள்ளை குணம் சரியில்லைன்னு எழுதிட்டாராமே?' மருத்துவத்தில் சொல்ல வருவது வேறு. தன்னைப் பற்றி நினைப்பதிலும் பிறரோடு பழகுவதிலும் ஒருவருக்குப் படிந்துபோன ஒரு வழி இருக்கிறது, அது வாலிபம் தொடங்கும் காலத்திலேயே வந்துவிட்டது, வருடக்கணக்காக நீடிக்கிறது, வீடு, கல்லூரி, வேலை, நட்பு என்று இடம் மாறினாலும் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் அவருக்கோ சுற்றியிருப்பவர்களுக்கோ கனமான சேதம் ஏற்படுகிறது. இத்தனையும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். கோபக்காரி, பிடிவாதக்காரி, அழுமூஞ்சி, இவை எதுவும் நோய் அல்ல. மாமியார் வீட்டில் மட்டும் கோபம் வருகிறது, ஆபீஸில் வருவதில்லை என்றால் கோளாறு அவளிடம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

'பார்டர்லைன்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. உங்களைப் போலவே பலர் அதை 'நோய் வரும் எல்லையில் இருக்கிறாள், இன்னும் முழுசாக வரவில்லை' என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வு மருத்துவர், நியூரோசிஸ் (நிஜம் எது என்பது தெரிந்தே பதற்றத்திலும் பயத்திலும் தவிப்பது) என்ற பெட்டியிலும் அடங்காமல் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பே விட்டுப்போவது) என்ற பெட்டியிலும் அடங்காமல் இருந்த சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். இரண்டுக்கும் நடுவிலிருந்த எல்லைக்கோடுதான் அந்த பார்டர்லைன். 1975இல் ஜான் குண்டர்சனும் மார்கரெட் சிங்கரும் அதன் அடையாளங்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார்கள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்மின் மூன்றாம் பதிப்பில் அது அதிகாரபூர்வமான நோய்ப்பெயராக ஏறிவிட்டது. நியூரோசிஸ், சைக்கோசிஸ் என்று உலகை இரண்டாகப் பிரித்த அந்தப் பழைய வரைபடத்தை இன்று யாரும் வைத்துக்கொள்வதில்லை. நாடு போய்விட்டது, எல்லைக்கோட்டின் பெயர் மட்டும் மிச்சம்.

இப்போது அந்தக் கையேடு ஒன்பது அடையாளங்களைத் தருகிறது. கைவிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் செய்யும் வெறித்தனமான முயற்சிகள், ஒருவரை இன்று தெய்வமாக, நாளை துரோகியாகப் பார்க்கும் உறவுகள், தான் யார் என்பதில் நிலையின்மை, யோசிக்காமல் தனக்கே கேடாகச் செய்யும் காரியங்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் அல்லது தற்கொலை முயற்சி, மிரட்டல், மணிக்கு மணி மாறும் மனநிலை, தீராத வெறுமை, அடங்காத கோபம், மன அழுத்தம் உச்சிக்குப் போகும்போது தற்காலிகச் சந்தேகமோ, உடம்பைவிட்டு விலகி நிற்பது போன்ற உணர்வோ. ஒன்பதில் ஐந்து இருந்தால் பெயர் வைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்தும் அதற்கு மேலும் சேரக்கூடிய விதங்கள் மொத்தம் 256. ஒரே பெயர் எழுதிய சீட்டோடு வரும் இரண்டு பேருக்கு இடையே பொதுவாக ஒரே ஓர் அடையாளம் மட்டும் இருக்கவும் இடமுண்டு. நான்கு இருந்தால் நோயில்லை, ஐந்து இருந்தால் நோய் என்ற கோடு இயற்கை கிழித்தது அல்ல, குழு உட்கார்ந்து கிழித்தது. குழு கிழித்த கோடு என்பதால் அது பொய் என்று அர்த்தமில்லை. பள்ளியில் 35 மார்க்குக்குத் தேர்ச்சி என்பதும் அப்படித்தானே.

சரி, அந்த ஒன்பதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? இங்கேதான் நேரம் வேண்டும். புத்தகத்திலிருந்து நேராகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் ஆரம்ப நாட்களிலிருந்து ஓர் உதாரணம் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). 20 வயதுப் பெண். 'நீ யாருங்கிறதுல உனக்கு ஒரு தெளிவு இருக்காம்மா?' என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? பால்காரர் மக சார்.' அவள் சொன்னதில் என்ன தப்பு? நம்மிடம் யார் என்று கேட்டால் ஊரும் அப்பாவும்தானே முதலில் வரும். படிவத்தில் அந்த அடையாளம் 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை வந்தபோது வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கையில் தானாகவே சொன்னாள்: 'யார்கூட இருக்கேனோ அவங்க மாதிரியே பேசுவேன் சார், அவங்களுக்குப் பிடிச்ச கலர்லதான் டிரெஸ் எடுப்பேன். அவங்க போயிட்டா எனக்கு என்ன பிடிக்கும்னே தெரியாது. கடையில போய் நின்னுட்டுத் திரும்பி வந்துருவேன்.' கையேடு கேட்டது அதைத்தான். நான் கேட்ட கேள்விக்குத்தான் அது வரவில்லை.

வெறுமையும் அப்படித்தான். 'வெறுமையா உணர்றீங்களா?' என்றால் பாதிப் பேர் முழிப்பார்கள். ஓர் அம்மா சொன்னது எனக்கு மறக்காது: 'வீடு நிறைய ஆள் இருக்கு சார். உள்ள மட்டும் பூட்டின வீடு மாதிரி இருக்கு.' இதையெல்லாம்விடச் சிக்கலானது கைவிடப்படும் பயம். புருஷன் வாரத்துக்கு ஒருமுறை 'உன்னை உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன்' என்று சொல்கிறான், அவள் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறாள், சாகப்போகிறேன் என்கிறாள். அது நோயின் அடையாளமா, கண்முன் இருக்கும் ஆபத்துக்கு எடுத்த அவசர நடவடிக்கையா? உண்மையான ஆபத்தாக இருந்தாலும் கற்பனையானதாக இருந்தாலும் கணக்கில் கொள்ளலாம் என்கிறது கையேடு. ஆனால் அறையில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாவிட்டால், வீட்டின் கோளாறை அவள் தலையில் எழுதிவிடுவார்.

முறையாகச் செய்ய வேண்டுமென்றால் கட்டமைக்கப்பட்ட நேர்காணல்கள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சம்பந்தப்பட்ட ஐபிடிஇ என்ற நேர்காணலைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. 11 நாடுகளில் 14 மையங்கள், 716 நோயாளிகள். பெங்களூரும் ஒரு மையம். அப்படி ஒரு நேர்காணலை ஒருவருக்கு முழுமையாகச் செய்ய ஒன்றரை இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதோடு முடியாது, அவரை நீண்ட காலமாக அறிந்த ஒருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். காலை ஓபியில் வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது இது நடக்காது. உங்கள் மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. பழக்கப்பட்ட கண்ணுக்குச் சில விஷயங்கள் பத்து நிமிடத்திலேயே தட்டுப்படும், அந்த ஊகம் பல சமயம் சரியாகவும் இருக்கும். ஆனால் அது ஊகம்.

அரசு மருத்துவமனையில் ஒரு கேஸ் ஷீட்டை நான் மறக்கவே மாட்டேன். இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர், பிழைத்து வந்த ஒரு பையனைப் பார்த்துவிட்டு 'பிபிடி' (பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டரின் சுருக்கம்) என்று எழுதி முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். ஒழுங்கான வேலை: எனக்குச் சந்தேகம், பகலில் யாராவது பாருங்கள் என்று அர்த்தம். இரண்டு நாள் கழித்து வார்டு மாறியபோது புதுத் தாளில் அதே எழுத்துகள் ஏறின, கேள்விக்குறி ஏறவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஏற்கெனவே பிபிடி உள்ளவர்' என்று வந்துவிட்டது. யாரும் பொய் எழுதவில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் நகல் எடுத்தார், அவ்வளவுதான். நான்கு வருடம் கழித்து அவன் என்னிடம் வந்தபோது அவன் அக்காவைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். பத்து நாள் போலத் தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், ஊரெல்லாம் கடன் வாங்கிக் கடை போடப்போகிறேன் என்று அலைந்த காலம் ஒன்றல்ல, இரண்டு. நடுவில் மாதக்கணக்கில் சாதாரணமாக இருந்திருக்கிறான். அது பைபோலார், மனநிலை ஒரு காலம் உச்சிக்கும் ஒரு காலம் அடிக்கும் போய்வரும் நோய். மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன், லித்தியம் தொடங்கினார்கள், ஆள் மாறிப்போனான். இதற்கு நேர் எதிரான கதையும் என்னிடம் உண்டு: ஆறு வருடம் பைபோலார் என்று மாத்திரை சாப்பிட்டு எடை கூடியதுதான் மிச்சம், உண்மையில் இருந்தது பார்டர்லைன்.

எனவே நீங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய முதல் விஷயம், வேறு எவற்றையெல்லாம் யோசித்து ஒதுக்கினார் என்பது. பைபோலாரில் மனநிலை மாறினால் நாட்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், பெரும்பாலும் வெளிக்காரணம் தேவையில்லை. பார்டர்லைனில் ஒரு வாட்ஸ்அப் பதில் வராததில் காலை பதினொரு மணிக்கு இருட்டி, மதியம் பதில் வந்ததும் வெளுத்துவிடும். சிறு வயதில் நீண்ட காலம் அடி, பாலியல் கொடுமை என்று அனுபவித்தவர்களுக்கு வரும் சிக்கலான அதிர்ச்சிநிலை, கவனக்குறைவுக் கோளாறான ஏடிஹெச்டி, பெண்களிடம் கண்ணில் படாமல் போகும் ஆட்டிசம், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் மட்டும் வரும் கடும் மனநிலைக் குலைவு, போதைப் பழக்கம், தைராய்டு, இவையெல்லாம் மேலோட்டமாக ஒரே மாதிரித் தெரியும். ஒன்று இருந்தால் மற்றது இருக்கக் கூடாது என்றும் இல்லை. இன்னொன்று, தற்கொலை முயற்சிக்குப் பிந்தைய வாரத்தில் யாருடைய ஆளுமையையும் அளக்கக் கூடாது என்பது என் கருத்து. வெள்ளத்தின்போது ஆற்றின் அகலத்தை அளப்பது போலத்தான் அது. பெரும் மனச்சோர்வில் இருப்பவர் தன் வாழ்க்கை முழுவதையுமே அந்தக் கண்ணாடி வழியாகத்தான் சொல்வார்.

இனி, இந்தத் துறைக்குள்ளேயே தீராத சண்டை ஒன்றைச் சொல்ல வேண்டும். டிஎஸ்எம் பத்து வகை ஆளுமைக் கோளாறுகளை மூன்று கொத்தாகப் பட்டியலிடுகிறது. நடைமுறையில் ஒருவருக்கு ஒரு வகை பொருந்தினால் இரண்டு மூன்று சேர்ந்தே பொருந்துகின்றன. அப்படியானால் வகை பிரித்ததில் என்ன பயன்? இதனால் ஐந்தாம் பதிப்புக்காகப் பத்தை ஆறாகக் குறைத்து, ஒவ்வொருவரின் பாதிப்பின் அளவையும் பண்புகளையும் மதிப்பிடும் புது முறை ஒன்றைத் தயாரித்தார்கள். 2012 டிசம்பரில் சங்கத்தின் நிர்வாகக் குழு அதை ஏற்கவில்லை. 2013இல் வந்த புத்தகத்தில் பழைய பத்தும் அப்படியே முன்னால் இருக்கின்றன, புது முறை பின்பகுதியில் 'மாற்று' என்ற பெயரில் இருக்கிறது. ஒரே புத்தகத்தில் இரண்டு பதில்.

உலக சுகாதார நிறுவனம் துணிந்துவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, அதாவது அவர்களுடைய நோய்ப்பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு, பழைய வகைகளையெல்லாம் தூக்கிவிட்டது. இப்போது முதலில் கேட்க வேண்டியது 'எவ்வளவு?' என்பது: லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா. அதன்பிறகு வேண்டுமானால் எதிர்மறை உணர்ச்சி, ஒதுங்கல், பிறர்மேல் அக்கறையின்மை, கட்டுப்பாடின்மை, எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற பிடி என்று ஐந்து பண்புகளில் எவை தூக்கலாக இருக்கின்றன என்று குறிக்கலாம். கோளாறு என்று சொல்லுமளவு இல்லாத சிரமத்துக்கு 'ஆளுமைச் சிரமம்' என்று ஒரு தனிக் குறியீடும் வைத்தார்கள். அது நோய் அல்ல. எல்லாவற்றையும் தூக்கியவர்களால் பார்டர்லைனை மட்டும் தூக்க முடியவில்லை. அந்தப் பெயரைச் சுற்றித்தான் ஆராய்ச்சியும் சிகிச்சையும் வளர்ந்திருக்கின்றன, பெயர் போனால் சிகிச்சையும் போய்விடும் என்று பல மருத்துவர்கள் வாதாடினார்கள். கடைசியில் 'பார்டர்லைன் அமைப்பு' என்று ஓர் ஒட்டாக அது உள்ளே வந்தது. எனக்கு ஐசிடியின் வழிதான் பிடித்திருக்கிறது. 'என்ன வகை' என்ற கேள்வி குடும்பத்தைப் பயமுறுத்துகிறது, 'எவ்வளவு' என்ற கேள்விக்கு அடுத்த வருடம் வேறு பதில் வரலாம்.

இத்தனை ஓட்டை இருக்கிறதே, அப்படியானால் எல்லாமே கட்டுக்கதையா என்று கேட்பீர்கள். இல்லை. டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்புக்கு முன் நடந்த களச்சோதனையில், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளந்தார்கள். பூஜ்யம் என்றால் குருட்டுவாக்கில் சொன்னது, ஒன்று என்றால் முழு ஒற்றுமை. பார்டர்லைனுக்கு 0.54 வந்தது. எல்லோரும் சந்தேகமே இல்லாமல் ஒப்புக்கொள்ளும் பெரும் மனச்சோர்வு நோய்க்கு வந்தது 0.28. சோதனை நடத்தியவர்களுக்கே சங்கடமான எண் அது. ஆகவே, கவனமாகப் பார்த்தால் இரண்டு மருத்துவர்கள் ஓரளவு ஒரே ஆட்களைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். அந்த வேதனை உண்மை, அந்தக் கோலமும் உண்மை. அதன் ஓரங்கள் எங்கே முடிகின்றன, அது ஒரே நோயா பலவற்றின் சேர்க்கையா, பிறவிக்கூறு எவ்வளவு வளர்ப்பு எவ்வளவு என்பதில்தான் யாரிடமும் முடிந்த பதில் இல்லை.

பெயர் செய்யும் கெடுதலுக்கு வருகிறேன். 1988இல் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இருவர் பிரிட்டனில் மனநல மருத்துவர்களுக்கு ஒரு நோயாளியின் விவரத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். சிலருக்குப் போன தாளில் மட்டும் 'முன்பு ஆளுமைக் கோளாறு என்று கண்டறியப்பட்டவர்' என்ற தகவல் சேர்ந்திருந்தது. மற்றபடி ஒரே விவரம்தான். அந்தத் தகவலைப் படித்தவர்கள், நோயாளி நாடகம் போடுகிறார், கவனத்தை ஈர்க்கப் பார்க்கிறார், தொல்லை கொடுப்பார் என்ற பக்கம் சாய்ந்தார்கள். படித்த மருத்துவர்களுக்கே இப்படி. எங்கள் வார்டிலும் 'அது பார்டர்லைன் கேஸ், விடுங்க' என்று காதுபட சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த 'விடுங்க'வில் ஒரு நாள் ஓர் உயிர் போய்விடக்கூடும் என்பதால் சொல்கிறேன்: பார்டர்லைன் உள்ளவரின் தற்கொலைப் பேச்சு 'சும்மா மிரட்டல்' அல்ல. வீட்டிலும் அப்படிப் பேசாதீர்கள்.

பெண்களுக்கு இந்தப் பெயர் எளிதாக ஒட்டுகிறது என்ற புகாரிலும் நியாயம் உண்டு. மருத்துவமனைகளில் இந்தப் பெயரோடு இருப்பவர்களில் பெண்களே மிக அதிகம். ஆனால் அமெரிக்காவில் 34,653 பேரை வீடுவீடாகப் பார்த்த ஆய்வில் ஆண் பெண் விகிதத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கோபத்தில் கையை ஓங்கும் பையன் காவல் நிலையத்துக்கோ டாஸ்மாக்குக்கோ போகிறான், பெண் நம்மிடம் வருகிறாள் என்பது என் ஊகம், ஆதாரம் என் அறை மட்டும்தான். டிஎஸ்எம்மின் 1987 பதிப்பின் பின்னிணைப்பில் 'தன்னைத் தோற்கடித்துக்கொள்ளும் ஆளுமைக் கோளாறு' என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணுக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிடும் என்று பெண்ணியவாதிகள் எதிர்த்தார்கள். 1994 பதிப்பில் அது காணாமல் போனது. குழு நினைத்தால் ஒரு நோய் வரும், போகும். நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது: ஒருவர் வாழும் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. காதலித்ததற்காக மகளை இழுத்துக்கொண்டு வருபவர்களிடம் அந்தப் பிரிவை நான் சத்தமாகவே படித்துக் காட்டியிருக்கிறேன்.

ஆயுசுக்கும் இருக்குமா என்ற கேள்விக்கு நல்ல செய்தி இருக்கிறது, அதை யாரும் சீட்டில் எழுதித் தருவதில்லை. பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனரினி என்பவர், பார்டர்லைன் உறுதியாகி உள்நோயாளியாக இருந்த 290 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். பத்து வருடத்துக்குள் 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு வருடமாவது அடையாளங்கள் நோய்க்கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தன. அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: வேலை, உறவு எல்லாம் சேர்ந்து நன்றாக வாழும் நிலையை எட்டியவர்கள் பாதிப் பேர்தான். புயல் அடங்குகிறது, விழுந்த கூரையை வேய நாளாகிறது.

சிகிச்சையில் முதலிடம் பேச்சுக்கு. பார்டர்லைனுக்கென்றே அமெரிக்க அரசு அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. பிரிட்டனின் 2009 வழிகாட்டியும் இந்தக் கோளாறுக்கென்று தனியாக மருந்து கொடுக்காதீர்கள் என்றுதான் சொன்னது. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ தூக்கமின்மையோ இருந்தால் அதற்கு மாத்திரை கொடுப்பார்கள், உங்கள் தங்கைக்கான மூன்றும் அப்படியே இருக்கலாம். கேளுங்கள்: எது எதற்கு, எத்தனை நாளைக்கு? நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பேச்சுச் சிகிச்சையில் மிகவும் பெயர் பெற்றது மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய டிபிடி, கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் முறை. அவரே 17 வயதில் மனநல மருத்துவமனையில் நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்தவர் என்பதை 2011இல்தான் வெளியே சொன்னார். அதை முழு வடிவில், அதாவது வாராவாரம் தனி அமர்வு, குழு வகுப்பு, நெருக்கடியில் தொலைபேசி உதவி, சிகிச்சையாளர்களுக்கென ஒரு கூட்டம் என்று நடத்தும் இடங்கள் நம் பக்கம் மிகக் குறைவு. மனம் தளர வேண்டாம். 2009இல் கனடாவின் டொரன்டோவில் 180 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டிபிடியும் மறுபாதிக்கு இந்த நோயைப் புரிந்த மருத்துவர்கள் ஒழுங்காகக் கொடுத்த பொதுச் சிகிச்சையும் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். பெயர் பெற்ற முறை கிடைக்காவிட்டாலும், விட்டுவிட்டு ஓடாத ஒரு ஆள், குறித்த நாளில் குறித்த நேரம், ஒரு வருடம். இது மதுரையிலும் கிடைக்கும், திருநெல்வேலியிலும் கிடைக்கும்.

நடுவில் ஒரு சின்னப் புலம்பல். உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் 'உங்க அப்பா நார்சிசிஸ்டா இருப்பார், அதான்' என்று பதில் போட்டிருக்கிறார், தன்னைத் தவிர யாரையும் மதிக்காதவர் என்ற அர்த்தத்தில். அப்பா தங்கையின் போனைப் பிடுங்கினார் என்ற ஒரு வரியை வைத்து. நார்சிசிஸ்டிக் ஆளுமைக் கோளாறுக்கு முந்தைய பதிப்பான ஐசிடி-10இல் தனிக் குறியீடுகூடக் கிடையாது, 'பிற' என்ற பெட்டிக்குள் கிடந்தது. யூடியூபில் மட்டும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

கல்யாண விஷயம். நான் வக்கீல் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணங்களைச் சொல்லும் 13ஆம் பிரிவில் 1976 திருத்தத்தின் மூலம் 'சைக்கோபதிக் டிஸார்டர்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது, ஆளுமைக் கோளாறுக்குக் கிட்டத்தட்ட சட்டம் வைத்த பெயர். இங்கிலாந்தின் 1959 சட்டத்தில் இருந்த சொல் அது. அவர்களே 2007 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள், நம்மிடம் இருக்கிறது. ஆனால் சட்டம் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. ஸ்கிசோஃப்ரீனியா பற்றிய ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: நோயின் பெயரைக் காட்டினால் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்கிறதா என்பதைக் காட்ட வேண்டும். ஐசிடி-11 முப்பது வருடம் கழித்துக் கேட்ட அதே 'எவ்வளவு?' என்னைக் கேட்டால், உறுதியாகாத ஒரு பெயரை வரன் வீட்டில் போய்ச் சொல்வதும் வேண்டாம், தெரிந்த சிகிச்சையை மறைத்துக் கட்டிவைப்பதும் வேண்டாம். முயற்சி நடந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இந்த வருடம் ஜாதகத்தை எடுத்து அலமாரியில் வையுங்கள்.

அடுத்த முறை போகும்போது சீட்டைக் கையில் கொடுத்து மருத்துவரிடம் கேளுங்கள்: இது முடிவா, சந்தேகமா? எந்த ஐந்து அடையாளங்கள்? ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பீர்களா? விரிவான மதிப்பீட்டுக்கு க்ளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்புவீர்களா? நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பிறகு உள்ளே உங்கள் தங்கையைத் தனியாகப் பேச விட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள். நீங்கள் எழுதிய நீண்ட கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்மா என்ன சொன்னார், அப்பா என்ன சொன்னார், மாமா என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. அவள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அந்தச் சண்டை எதைப் பற்றியது என்றும் இல்லை. இதற்கிடையில் அவள் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தால் 14416க்கு அழையுங்கள், டெலிமானஸ், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள்.